கிளியாக வந்தவனுக்குக் கழுமரம்

நாங்கள் இன்ஜினியரிங் படித்த காலத்தில் 'ட்விலைட்' படம் பென் டிரைவில் ஏறி விடுதி முழுக்கச் சுற்றியது. நாவல் 2005இல் வந்தது, படம் 2008இல். ஒரு பெண், அவளை விரும்பும் ரத்தக்காட்டேரி ஒருவன், அவளை விரும்பும் ஓநாய்ப் பையன் இன்னொருவன். யார் கட்சி என்று அறைக்கு அறை பிரிந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் கிராபிக்ஸ் லேப் பரீட்சை என்பது யாருக்கும் ஞாபகமில்லை. இன்றைக்கு அந்த வகைக் கதை ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. கிண்டிலில் தேடினால் ஓநாய், கரடி, டிராகன் என்று காதலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தமிழிலும் பிரதிலிபி பக்கம் போனால் நாக இளவரசர்களுக்கும் ஓநாய் மன்னர்களுக்கும் பஞ்சமில்லை. தொடர்கதையின் கீழே "அடுத்த பாகம் எப்போ சகோ" என்று நூறு பேர் கேட்கிறார்கள்.

இந்தக் கதைகளுக்கு ஓர் எளிய விதி உண்டு. அவனுக்கு ஓர் உருவம் வெளியே, இன்னோர் உருவம் உள்ளே. அவள் ஒருநாள் அதைக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்த பிறகும் அவனை ஏற்றுக்கொள்கிறாளா, இல்லையா? கதை முழுவதும் அந்தப் பெண்ணின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. வாசகர்கள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழித்திருப்பதும் அதற்காகத்தான்.

நம்மிடமும் உருமாறிக் காதலிக்கிற கதைகள் ஏராளம். ஆனால் அவை கேட்கிற கேள்வி வேறு. கொஞ்சம் பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

மணிமேகலையில் ஒரு கிளைக்கதை வருகிறது. புகார் நகரத்துக் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பெயர் பீலிவளை. நாகநாட்டு அரசன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் மகள். ஒரு மாதம் சேர்ந்து இருக்கிறார்கள். ஒருநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறாள். அரசன் தேடித் திரிகிறான். வந்த சாரணர் ஒருவரிடம் கேட்கிறான். அவர் சொல்லும் பதில்தான் விசேஷம்: அவள் பிறந்தபோதே கணித்துச் சொல்லப்பட்டுவிட்டது, சூரிய குலத்து அரசனுக்கு அவள் ஒரு மகனைப் பெறுவாள் என்று. இனி அவள் வரமாட்டாள், மகன்தான் வருவான், வருத்தப்படாதே.

மகன் வருகிறான். கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் பீலிவளை குழந்தையை அனுப்பிவைக்கிறாள். கப்பல் உடைகிறது, குழந்தை காணாமல் போகிறது. அந்தத் துக்கத்தில் அரசன் இந்திர விழா எடுக்க மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு நகரமே போன கதையின் அடியில், விடைபெறாமல் கிளம்பிப்போன ஒரு பெண் இருக்கிறாள். ஏன் போனாள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நாகர் என்றவுடன் படமெடுக்கும் பாம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். மணிமேகலையில் அவர்கள் கடல் கடந்த நாட்டு மனிதர்கள். பீலிவளையின் உடம்பில் செதில் எதுவும் இல்லை. பாம்பு பிற்பாடு வந்து சேர்கிறது, அதுவும் அரசர்களின் செப்பேட்டில். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர்களின் வேலூர்ப்பாளையம் செப்பேடு, வீரகூர்ச்சன் என்ற மூதாதை பாம்பரசனின் மகளை மணந்து, அவளோடு கூடவே அரச சின்னங்களையும் பெற்றான் என்கிறது. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் திரையனைப் பற்றிச் சொல்வதும் இதே வார்ப்புதான்: சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை, அடையாளத்துக்குத் தொண்டைக்கொடி கட்டிக் கடலில் விடப்பட்டு, அலை கொண்டுவந்து சேர்த்தவன். கம்போடியாவுக்குப் போனாலும் விடவில்லை. அங்கே கௌண்டின்யன் என்ற வெளியூர்க்காரன் நாக இளவரசி சோமாவை மணந்து ஒரு ராஜ்ஜியத்தை ஆரம்பிக்கிறான்.

இவை எல்லாவற்றிலும் அவள் வேற்று உருவம், வேற்று உலகம் என்பது ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் அதுதான் தகுதி. பக்கத்து ஊர்ச் சிற்றரசனின் மகள் என்றால் நாலு பேருக்குத் தெரியும், விசாரிப்பார்கள். பாதாளத்து இளவரசியை யார் போய் விசாரிப்பது? புதிதாக எழும் ஓர் அரச குலத்துக்கு இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் கைக்கு வந்ததும் கொண்டுவந்தவள் கதையை விட்டுப் போய்விடலாம். போய்விடுகிறாள். அவள் திரும்பி வந்து கணக்குக் கேட்பதற்கு நாம் 1979வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'நீயா?' படத்தில் ஸ்ரீபிரியா ஒவ்வொருவராகத் தேடித் தேடிப் பழிவாங்கினார். அது இந்திப் படத்தின் மறுஆக்கம்தான், இருந்தாலும் பீலிவளையின் பாக்கியில் கொஞ்சம் வசூலானதாகவே எனக்குத் தோன்றும்.

ஆண் உருமாறினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் முருகன்.

வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் எத்தனை வேஷத்தில் போகிறான் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வேடன். அவள் அப்பா நம்பிராசன் ஆட்களோடு வந்ததும் வேங்கை மரம். இத்தனை நாள் இல்லாத மரம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களே குழம்புகிறார்கள். பிறகு தாடி வைத்த கிழவர். பசிக்குத் தேனும் தினைமாவும் கேட்கிறார், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார், கடைசியில் கல்யாணமே பண்ணிக்கொள் என்கிறார். அவள் மறுத்துவிட்டு நடக்கும்போது அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்துபோன பெண் கிழவரைக் கட்டிப்பிடிக்கிறாள். கந்தபுராணத்தின் கடைசிப் படலம் இது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தைத் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடியப் பார்க்கிறார்கள். பொய் சொல்வது, ஆள்மாறாட்டம், யானையை விட்டு மிரட்டுவது, ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப்போவது, துரத்தி வந்த பெண்வீட்டார் செத்து விழுவது என்று எல்லாம் இந்தக் கதையில் உண்டு. செத்தவர்கள் எழுப்பப்படுகிறார்கள், நம்பிராசனே பெண்ணைத் தாரை வார்க்கிறார். நாம் அதைத் திருக்கல்யாணமாகக் கொண்டாடுகிறோம். மொய் வைக்காததுதான் பாக்கி.

இதே வேலையைச் செய்த இன்னொருவன் இருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன் என்று அவனை உரிமையோடு சொல்லிக்கொள்வேன்.

சேத்தியாத்தோப்பு ஒரு கூட்டுரோடு. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு, ஒரு சர்க்கரை ஆலை, கரும்பு லாரிகள். மேற்கே போனால் விருத்தாசலம், கிழக்கே புவனகிரி தாண்டிச் சிதம்பரம், தெற்கே வீராணம் ஏரியும் காட்டுமன்னார்கோயிலும். வந்தியத்தேவன் குதிரையில் வருகிற ஏரிக்கரை என்று வாசகர்கள் செல்பி எடுக்க வருவார்கள். நடுநாடு என்று சொல்லப்படும் இந்த வட்டாரத்திலும், தெற்கே தஞ்சை திருச்சி வரையிலும், அம்மன் கோயில்களில் காவலுக்கு நிற்கும் சாமிகளில் ஒருவர் காத்தவராயன். கையில் ஆயுதம், முறுக்கிய மீசை, பக்கத்தில் பெண்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி ஆரியமாலை.

சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், இந்தச் சாமி ஏன் செத்துச்சு என்று. "ஐயிரு ஊட்டுப் பொண்ணத் தூக்கிக்கினு பூட்டான், கழுவுல ஏத்திப்புட்டானுவோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தேவலோகம், சாபம், சிவபெருமான் எதுவும் அந்த வரியில் இல்லை. பிற்பாடு அச்சில் வந்த பாடலைப் படித்தபோதுதான் ஆயா எவ்வளவு விஷயத்தை விட்டுவிட்டது என்று தெரிந்தது. விட்டதா, இல்லை அதற்கு அது தேவைப்படவே இல்லையா என்பது வேறு கேள்வி.

பாடல் இப்படிப் போகிறது. காத்தவராயன் உண்மையில் சிவனின் பிள்ளை. நந்தவனத்தைக் காவல் காக்கும்போது, நீராட வந்த தேவகன்னி ஒருத்தியின்மேல் ஆசைப்படுகிறான். அதற்குச் சாபம்: பூமியில் பிறந்து, அவளாலேயே கழுவேறிச் சாக வேண்டும். அவளும் பூமியில் பிறக்கிறாள், ஆரியப்பராசன் ஆட்சியில் பிராமண வீட்டுப் பெண்ணாக வளர்கிறாள். அவனை எடுத்து வளர்ப்பவர் சேப்பிளையான், பறையர் சமூகத்துக் காவல்காரர். வளர்ந்தவன் ஆரியமாலையைப் பார்க்கிறான். பார்த்த பிறகு அவளை நெருங்க வழியில்லை. அவன் நடக்கக்கூடாத தெரு அது.

எனவே உருமாறுகிறான். வேஷங்களின் பட்டியல் பாடத்துக்குப் பாடம் மாறும். பரவலாக வருபவை வளையல்காரரும் கிளியும். இதை வித்தை என்று மட்டும் படித்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். வளையல்காரர் எந்தத் தெருவுக்குள்ளும் போகலாம், எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், எந்தப் பெண்ணின் கையையும் பிடிக்கலாம். கணவனும் மகனும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் அந்நிய ஆண் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி வளையலை ஏற்றுவதை அந்தக் காலத்து ஊர் அனுமதித்த ஒரே தொழில் அதுவாகத்தான் இருக்கும். கிளிக்குச் சுவரும் கிடையாது, தீட்டும் கிடையாது. தன் உடம்போடு போனால் எந்தெந்த இடத்தில் நிறுத்தப்படுவானோ அந்தந்த இடத்தைத் தாண்டக்கூடிய உடம்பாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறான். பழைய கதைகளின் ஓநாய் மனிதன் பௌர்ணமிக்குக் கட்டுப்பட்டு மாறுகிறவன். காத்தவராயன் மாறுவது தெருவின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு.

அப்படி உள்ளே போனவன் என்ன செய்தான் என்பதையும் மறைக்கக்கூடாது. தூங்கிக்கொண்டிருந்த ஆரியமாலையின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான். பெரும்பாலான பாடங்கள் இதைத்தான் சொல்கின்றன. இன்றைய வாசகிக்கு இது காதல் கதையாகவே படாது, படவும் வேண்டாம். வள்ளியாவது முழித்திருந்தாள், மறுத்தாள், திட்டினாள். ஆரியமாலைக்கு அந்த வாய்ப்புகூடத் தரப்படவில்லை. கதையின் இந்த இடம் எனக்கு எப்போதும் கசப்பு. தலித் நாயகன் என்பதற்காக இதற்குச் சப்பைக்கட்டு கட்ட என்னால் முடியவில்லை. இன்னொரு சந்தேகமும் எழுகிறது. அவள் முழித்திருந்து, தெரிந்தே சம்மதித்தாள் என்று பாடினால் அதைக் கேட்கிற ஊர் தாங்கியிருக்குமா? தூங்கிக்கொண்டிருந்தாள் என்றால் பெண்ணின் மேல் பழி இல்லை, வீட்டுக்கும் மானக்கேடு இல்லை. ஏமாற்றினான், மருந்து வைத்தான், மாயம் செய்தான். குற்றம் முழுக்க அவன் பக்கம். அவளுடைய சம்மதத்தைக் கதையிலிருந்து எடுத்தது அவனா, பாடியவர்களா என்பதை இனிக் கண்டுபிடிக்க முடியாது.

பிடிபட்ட பிறகு வழக்கு நடக்கிறது. இங்கேதான் பாடலின் மிகப் பெரிய உருமாற்றம் வருகிறது. வளர்த்த சேப்பிளையான் இவன் தன் வயிற்றுப் பிள்ளை இல்லை என்கிறார். காத்தவராயன் தன் பூர்வ கதையைச் சொல்கிறான்: நான் சிவன் மகன், இவள் தேவகன்னி, எங்கள் இருவரிடமும் சாதிக் கலப்பே கிடையாது. அரசன் சமாதானமாகிவிடுகிறான், போ என்கிறான். ஆனால் காத்தவராயன் போகவில்லை. சாபம் தீர வேண்டுமே என்று தானே விரும்பிக் கழுவில் ஏறுகிறான்.

முதல் தடவை படித்தபோது இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேலே திரும்பிப் போய்ப் படித்தேன். இரண்டு வரியில் எவ்வளவு வேலை நடந்துவிட்டது பாருங்கள். தடையை மீறிய காதல் இல்லாமல் போனது, ஏனென்றால் இருவரும் தேவர்கள். அநியாயத் தீர்ப்பு இல்லாமல் போனது, ஏனென்றால் அரசன் விடுதலையே செய்துவிட்டான். கொலையும் இல்லாமல் போனது, ஏனென்றால் அவனே ஏறினான். கழுமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதை எடுக்க யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அதுதான் ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது.

என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கமான பெயர் உண்டு. பல பேர் சேர்ந்து எழுதும் கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு கிட்டில் பதிவாகிக்கொண்டே வரும். சில சமயம் யாராவது பழைய கமிட்டுகளையே திருத்தி எழுதி மேலே தள்ளிவிடுவார்கள். வரலாறு சுத்தமாக, தொடக்கத்திலிருந்தே எல்லாம் சரியாக இருந்தது மாதிரித் தெரியும். எங்காவது ஒரு மூலையில் அழிக்க மறந்த ஒரு வரி மட்டும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். காத்தவராயன் கதையில் அந்த வரி கழுமரம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர். அவரது பதிப்பில் காத்தவராயன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. முத்துப்பட்டன் கதையில் திசை தலைகீழ். பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் சமூகத்து அக்கா தங்கைமேல் ஆசைப்படுகிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலைக் கழற்று, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள். அவன் எல்லாவற்றையும் செய்கிறான். தமிழில் எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உருமாற்றக் காட்சி அது. மந்திரம் கிடையாது, கத்தியும் தோலும் ஊசியும்தான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுப் பட்டன் சாகிறான், அவன் சிதையில் இரண்டு பெண்களும் இறங்குகிறார்கள். பாபநாசத்து மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் மூன்று பேரும் இன்றைக்கும் கும்பிடப்படுகிறார்கள். இந்தக் கதையிலும் ஒரு வரி நுழைக்கப்பட்டது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று. இது பின்னால் சேர்த்த சரக்கு என்று வானமாமலை காட்டினார்.

ஒரு தடவை இது கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் இதுதான். மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்து பொம்மியைத் தூக்கிப்போனவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். ஆனால் பிறப்பால் காசி ராஜா மகனாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து ஊரெல்லாம் ஓடிய படமும் இந்தக் கதைதான். வள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். குறவர் மகள் என்று கொஞ்சுகிறோம். கந்தபுராணத்தில் அவள் முற்பிறப்பில் திருமாலின் மகள், இந்தப் பிறப்பில் சிவமுனிவர் பார்வை பட்டு மான் ஈன்ற குழந்தை. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலிருந்து வேடர்கள் எடுத்து வளர்த்தார்கள், அவ்வளவுதான். கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போன நந்தனார் கதை காதல் கதை இல்லை, ஆனால் அதிலும் இதே தச்சு வேலை. பெரியபுராணத்தில் அவர் தீயில் புகுந்து, பூணூல் போட்ட பிராமண முனிவராக வெளியே வந்த பிறகுதான் கூத்தனைப் பார்க்கிறார். காதலிக்கு முன்னால் நிற்க, கடவுளுக்கு முன்னால் நிற்க, எதற்கு முன்னால் நிற்கவும் முதலில் வேறு பிறப்பு வேண்டும்.

ஆக இந்த மண்ணின் கதைகளில் நிஜமாக உருமாறுவது கிளியும் பாம்பும் வேங்கையும் இல்லை. பிறப்பு. பல்லவர்களுக்குப் பாதாளத்திலிருந்து ஒரு பாட்டி கிடைத்தாள். காத்தானுக்குக் கைலாசத்திலிருந்து ஓர் அப்பா கிடைத்தார். மேலே இருந்தவனுக்கு அது சிம்மாசனமாக ஆனது. கீழே இருந்தவனுக்குச் செத்த பிறகு கிடைத்த மன்னிப்புக் கடிதம்.

கூத்தாகப் பார்த்தவர்கள் ஒன்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில், குறிப்பாக வடமராட்சிப் பக்கம், மாரியம்மனுக்கு நேர்த்தியாகக் காத்தான் கூத்து ஆடுவார்கள். சிந்து நடையில் விடிய விடியப் போகும். கடைசியில் கழுவேற்றம். இவன் சிவன் மகன், தானாகத்தான் ஏறுகிறான், சாபம் தீரப்போகிறது, இது நல்ல முடிவு என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். ராத்திரி முழுக்க அதைத்தான் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் கழுமரம் வரும்போது பெண்கள் அழுகிறார்கள். பாடல் ஒன்றைச் சொல்ல, கண்ணீர் என் ஆயாவின் ஒற்றை வரியைச் சொல்கிறது. சினிமாவும் இந்தக் கதையை விடவில்லை. 1941இல் பி.யு. சின்னப்பாவின் 'ஆர்யமாலா', 1958இல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'காத்தவராயன்'. இரண்டிலும் பாட்டும் மாயமந்திரக் காட்சிகளும் அமோகம். சின்ன வயதில் டிவியில் பார்க்கும்போது சாதி என்ற விஷயமே எனக்கு உறைக்கவில்லை. மந்திரவாதி படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உருமாறி வரும் காதலன் என்ற பயம் கோயிலோடும் கூத்தோடும் முடிந்துபோன பழங்கதை இல்லை. 2012ஐ நினைத்துப் பாருங்கள். அந்த நவம்பரில் தர்மபுரி நாய்க்கன்கொட்டாயில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்துத் தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். அதை ஒட்டித்தான் 'நாடகக் காதல்' என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மேடைகளில் சொன்னது இதுதான்: தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து எங்கள் பெண்களை மயக்குகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டைப் பிரித்துப் பாருங்கள். அவனுக்குச் சொந்த உருவம் ஒன்று உண்டு, அதை மறைத்து வேறு உருவத்தில் வந்திருக்கிறான், பெண்ணுக்கு நிஜம் தெரியாது, தெரியாமல் மயங்கிவிட்டாள். அச்சு அசல் காத்தவராயன் கதை. வளையல் பெட்டிக்குப் பதில் கூலிங் கிளாஸ். அங்கே தூங்கிக்கொண்டிருந்த பெண் இங்கேயும் தூங்கவைக்கப்படுகிறாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு முடிவு இருந்திருக்கலாம் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நூறு ரூபாய்க் கண்ணாடியை ஒரு மனிதன் போட்டுக்கொள்வதே ஆள்மாறாட்டம் என்று பட்டால், அவனுக்கு எந்த உருவம் சொந்தம் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள்?

எங்கள் பக்கத்துக்கு இது 2012இல் வந்த செய்தியும் இல்லை. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் ஒரு தலித் இளைஞனையும் அவன் மணந்துகொண்ட வன்னியர் பெண்ணையும் அவள் வீட்டார் பிடித்து, ஊர் பார்க்க விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அவன் பொறியியல் பட்டதாரி. அவளும் பட்டதாரி. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பஸ்ஸில் பெரியவர்கள் இதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டதும், பிள்ளைகள் காது கொடுத்ததும் பேச்சு கரும்புக்கு மாறியதும் நினைவிருக்கிறது.

அந்த வழக்கின் வரலாற்றைப் படித்தால் பாடல் பாடியவர்கள் செய்த வேலையைப் போலீஸ் ஸ்டேஷன் செய்திருப்பது தெரியும். முதலில் பதிவான கதையில் இரண்டு வீட்டாரும் தத்தம் பிள்ளையைத் தாங்களே கொன்றார்கள். கொல்லப்பட்டவனின் தரப்பு ஆட்களும் குற்றவாளிப் பட்டியலில் இருந்தார்கள். சாதிக் கொலை ஒன்று இரண்டு குடும்பத் துக்கங்களாக உருமாறியிருந்தது. வழக்கு சிபிஐக்குப் போன பிறகுதான் அந்தக் கதை கலைந்தது. தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். பெண்ணின் அண்ணனுக்கு விதித்த தூக்கை உயர் நீதிமன்றம் அடுத்த வருஷம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இதே விருத்தாசலத்துக்காரரான இமையம் 2012இல் 'பெத்தவன்' எழுதினார். தலித் இளைஞனைக் காதலிக்கிற மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கெடு வைக்கிறது. அப்பா ராத்திரியோடு ராத்திரியாக மகளை அனுப்பிவைத்துவிட்டுத் தான் விஷம் குடித்துச் சாகிறார். அந்தக் கதையில் யாருக்கும் தெய்வப் பிறப்பு கிடையாது. பையன் உண்மையில் வேறு சாதி என்று கடைசி அத்தியாயத்தில் எவரும் வந்து சொல்வதில்லை. மகளும் முழித்திருக்கிறாள். தனக்கு யார் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறாள். உருமாறுவது அப்பா ஒருவர்தான். ஊருக்கு முன்னால் கொலைக்குச் சம்மதித்தவராகவும் வீட்டுக்குள் வேறு ஆளாகவும் ஒரு ராத்திரி மட்டும் இருக்கிறார்.

புதுக்கூரைப்பேட்டை ஜோடி கல்யாணத்தைப் பதிவு செய்தது 2003 மே மாதம், கடலூரில். பதிவு அலுவலகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று தெரியும்தானே. பெயர், அப்பா பெயர், வயது, விலாசம், அடையாளச் சான்று, சாட்சிக் கையெழுத்து. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஊர் அவர்களைத் தேடிப் பிடித்தது.